எந்த மாமாவைக் கண்டு பயப்படுவது?

காரவள்ளி தெரியுமல்லவா, தோழர்களே? கொல்லிமலைக்குப் போகிற பஸ் மூச்சுப் பிடித்துக்கொள்ளும் இடம். அதற்கு மேல் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அந்த அடிவாரத்துத் தேநீர்க் கடையில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது, பக்கத்துப் பலகையில் இருந்த மலைக்காரர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். நாற்பது வயதிருக்கும். தோளில் துண்டு, மடியில் வெற்றிலைப் பொட்டலம், காலடியில் ஒரு மூட்டை. என் மேடைப் பேச்சை எங்கோ கேட்டிருக்கிறாராம். அந்த உரிமையில் ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஏனுங்க, எம் புள்ள மூணாவது படிக்குது. பள்ளிக்கூடத்துல படம் போட்டுக் காட்டுனாங்களாம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, தொப்பி வச்சுக்கிட்டு, கையில முட்டாயோட ஒரு மாமா வருவாராம். கூப்பிட்டா போகக் கூடாது, தொட்டா கத்தணும்னு சொன்னாங்களாம். ராத்திரி புள்ள கேக்குது, 'நம்ம ஊருக்கு அந்த மாதிரி யாருமே வரலியே அப்பா, அப்ப நமக்குப் பயமில்லதானே?'ன்னு. நான் என்னங்க சொல்றது?"

பஸ் வந்துவிட்டது. பதில் சொல்லாமல் ஏறிவிட்டேன். பஸ் வந்தது ஒரு சாக்கு. மெய்யாகவே என்னிடம் அப்போது பதில் இல்லை. ஊரை எழுப்புகிறேன், உலகை எழுப்புகிறேன் என்று ஒலிபெருக்கி முன் முழங்குகிறவன், மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கேள்விக்கு முன்னால் வாயடைத்து உட்கார்ந்தேன், எழுபது வளைவுக்கும்!

படம் வரைந்தவர் கெட்டவரல்லர். பாடம் நடத்திய ஆசிரியை அக்கறையற்றவரும் அல்லர். அக்கறை இருந்ததால்தான் நடத்தினார். ஆனால் படம் பிறந்தது பட்டணத்தில். பட்டணத்துப் பிள்ளைக்குப் பூங்கா உண்டு, அடுக்குமாடி உண்டு, மேலும் கீழும் போகிற லிப்ட் உண்டு, பள்ளி வாசலில் முன்பின் அறியாத முகங்கள் ஆயிரம் உண்டு. வாழவந்தி நாட்டிலோ தின்னனூர் நாட்டிலோ முகந்தெரியாதவன் ஒருவன் வந்தால், அவன் மேல் வளைவு திரும்புவதற்குள் மூன்று ஊருக்குச் சேதி போய்விடும். அங்கே பிள்ளைக்கு ஆபத்து வந்தால், அது தொப்பி வைத்துக்கொண்டு வராது. தெரிந்த வேட்டியில், தெரிந்த குரலில், தெரிந்த முறைப்பெயரில் வரும்.

இது என் கற்பனையா? கணக்கைப் பாருங்கள். 2007ஆம் ஆண்டு இந்திய சர்க்காரின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்கள், 12,447 குழந்தைகள். அவர்களில் 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பாதிக்கு மேல், தோழர்களே, பாதிக்கு மேல்! அதிலே ஆண் பிள்ளைகளின் எண்ணிக்கை பெண் பிள்ளைகளுடையதைவிடச் சற்று அதிகம். 'எனக்குப் பொட்டைப் பிள்ளை இல்லை, கவலை இல்லை' என்று மார் நிமிர்த்துகிற தகப்பன்மார்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வழக்கு என்று பதிவானவற்றை மட்டும் பார்த்தால் சேதி இன்னும் கசக்கும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரத்தில், குழந்தைகள் மீதான வன்புணர்ச்சி வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவரே. உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர், வேலை கொடுத்தவர்!

தொப்பிக்காரப் படம் பாதுகாப்புத் தரவில்லை என்பதோடு போகவில்லை. அது கொலையும் செய்திருக்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர்ப் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் நின்றது. அதிலிருந்த மூதாட்டி அங்கே விளையாடிய குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். 'பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்' என்று கைப்பேசியில் பரவிய புரளியைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்த கூட்டம், அவரை அடித்தே கொன்றது. மிட்டாய் கொடுக்கும் அந்நியனே பகைவன் என்ற பாடத்தை ஊர் எவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறது பாருங்கள்! அதே வேகத்தில், அதே ஊர், தெரிந்தவன் செய்த தீங்கைப் பேசியிருக்குமா? 'குடும்ப மானம்' என்று மூடியிருக்கும்.

கொல்லிமலை, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, பச்சைமலை என்று சேலத்தையும் நாமக்கல்லையும் சுற்றி நிற்கிற மலைகளின் மக்களைப் பற்றிச் சமவெளித் தோழர்களுக்கு எவ்வளவு தெரியும்? 'மலையாளி' என்ற பெயரைக் கேட்டவுடன் கேரளத்தார் என்று நினைப்பவர் இன்றும் உண்டு. இவர்கள் தமிழ் பேசுகிற மலைவாழ் மக்கள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளிலேயே எண்ணிக்கையில் பெரிய கூட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் மாநிலத்தின் பழங்குடியினர் 7,94,697 பேர். அதில் இவர்கள் மட்டும் மூன்றரை லட்சம். சட்டசபையின் 234 இடங்களில் பழங்குடியினருக்கென ஒதுக்கியவை இரண்டே இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். இரண்டும் நம் வாசலில் இருப்பவை. சேகோ ஆலையில் வேலை பார்க்கும் தோழரே, உம் ஆலைக்கு வரும் மரவள்ளியில் மலையில் விளைந்ததும் உண்டு. கிழங்கு இறங்கி வருகிறது. அதை விளைவித்தவன் வீட்டுப் பிள்ளையைப் பற்றிய சேதி மட்டும் ஏன் இறங்கி வருவதில்லை?

கொல்லிமலையில் 14 நாடுகள். நாடு என்றால் ஊராட்சி. ஒவ்வொன்றிலும் காட்டுக்கும் வயலுக்கும் நடுவே சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள். பள்ளிக்குப் போகிற பிள்ளை ஒற்றையடிப் பாதையில் நடக்கும். ஜீப் வந்தால் தொற்றிக்கொள்ளும். சந்தை நாளில் வருகிற வண்டியில் ஏறும். குடகுக் காப்பித் தோட்டத்துக்கும் கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கும் கூலிக்குப் போகிற குடும்பங்கள் மலைகளில் நிறைய. அப்பனும் ஆத்தாளும் போய்விட்டால் பிள்ளை ஆயாவோடு இருக்கும், அல்லது அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் இருக்கும். மாநிலம் முழுதும் இத்தகைய பள்ளிகள் முந்நூறுக்கு மேல். சோறு போட்டு, பாய் போட்டு, எழுத்தும் சொல்லித் தருகிற ஏற்பாடு. அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் பல பிள்ளைகள் ஏட்டையே பார்த்திருக்கமாட்டார்கள். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை இராத்திரி படுக்கிற இடம் அது. விளக்கு அணைந்த பிறகு யார் வருகிறார், கழிப்பறை எவ்வளவு தூரம், காவலர் யார், விடுதிப் பொறுப்பாளர் அங்கே தங்குகிறாரா, அண்ணன்மார் படுக்கிற கூடமும் குட்டிப் பிள்ளைகள் படுக்கிற கூடமும் ஒன்றா என்பவையெல்லாம் அந்தப் பிள்ளையின் உயிர்க் கேள்விகள். தொப்பிக்காரப் படத்தில் இதில் ஒன்றாவது உண்டா?

சொல்லின் சங்கடமும் ஒன்று உண்டு. சங்கடமான சங்கதிதான், ஆனால் பேசாமல் விட முடியாது. ஆங்கிலப் பாடத்தை அப்படியே பெயர்த்து, 'நீச்சல் உடை மறைக்கும் இடங்களை யாரும் தொடக் கூடாது' என்று சொல்லித் தருகிறார்கள். ஓடையில் குளிக்கிற பிள்ளைக்கு நீச்சல் உடை எங்கிருந்து வந்தது? உறுப்புகளுக்கு வீட்டிலே ஒரு பெயர் உண்டு. அதைப் பள்ளியில் சொன்னால் 'கெட்ட வார்த்தை' என்று கையில் அடி விழும். புத்தகத்தில் ஒரு பெயர் உண்டு. அதை வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை, ஆயாவுக்குப் புரியாது. ஆக, வீட்டுச் சொல் பள்ளியில் குற்றம், பள்ளிச் சொல் வீட்டில் அந்நியம். நடுவே பிள்ளை ஊமை. தன் உடம்பில் தீங்கு நடந்த இடத்துக்குச் சொல்லிக்கொள்ளத்தக்க ஒரு சொல் கூட இல்லாத பிள்ளையிடம், 'ஏன் அப்போதே சொல்லவில்லை?' என்று கேட்பது எவ்வளவு பெரிய அக்கிரமம்! குழந்தை தன் வாயால் சொன்னபடியே வாக்குமூலத்தை எழுத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாயில் சொல் இருந்தால்தானே எழுதுவதற்கு?

முறை என்று ஒன்று இருக்கிறது. மாமன் முறை, மச்சான் முறை, கொழுந்தியாள் முறை. இது மலைக்கு மட்டும் உரியதல்ல. நம் சமவெளியிலும் உண்டு. மாமன் முறையானவன் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளலாம், மடியில் இழுத்து உட்கார வைக்கலாம், 'உன்னைக் கட்டிக்கப் போறேன்' என்று கேலி பேசலாம், சுற்றி நிற்பவர் சிரிப்பார்கள். பிள்ளை அழுதாலும் சிரிப்பார்கள். பட்டணத்துப் பாடம் இங்கே வந்து, 'பிடிக்காத தொடுதல் எல்லாம் கெட்ட தொடுதல்' என்றால், பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்து, 'அப்படியானால் எங்கள் ஊரே கெட்ட ஊரா?' என்று குழம்பும். அல்லது பாடமே பொய் என்று தள்ளிவிடும். கேலிக்கு எல்லை எது, அந்த எல்லையை மாமனே தாண்டினாலும் அது முறையல்ல என்பதை எடுத்துச் சொல்ல, முறை தெரிந்தவர் வேண்டும். அந்த மலையின் மூத்த பெண்மணி ஒருத்தி, 'முறை இருக்குதுன்னு இது செய்ய எவனுக்கும் உரிமை இல்ல கண்ணு' என்று சொன்னால், நூறு வண்ணப் படங்கள் செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்யும்.

சரி, பிள்ளை சொல்லிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். யாரிடம் சொல்வது? 'போலீஸ் மாமா உன் நண்பர்' என்கிறது பாடம். நாமும் கைதட்டுகிறோம். மலைவாழ் மக்களிடம் இதைச் சொல்லும் முன், 1992 ஜூன் 20ஐ ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும். தருமபுரி மாவட்டம், அரூர்ப் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. சந்தன மரத்தைத் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், ஆடு மாடுகளைக் கொன்றார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள், 18 பெண்களைச் சீரழித்தார்கள். அந்தப் பதினெட்டுப் பேரில் பள்ளி செல்லும் வயதுச் சிறுமியும் இருந்தாள். குற்றம் சாட்டப்பட்டவர் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று, உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோராண்டு! அந்த ஊர்ப் பெண்கள் விடாமல் நின்றார்கள். அவர்களோடு நின்றவர்கள் நம் கட்சியாயினும் வேறு கட்சியாயினும் வணக்கத்துக்குரியவர்கள்.

காக்கியைக் கண்டால் காட்டுக்குள் ஓடிய தாயின் மகள் இன்று தன் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பாள்? 'போலீஸ் மாமா நண்பர்' என்றா? அந்த நம்பிக்கையைப் பிள்ளையிடம் கேட்டு வாங்க முடியாது. சர்க்கார்தான் அதைச் சம்பாதிக்க வேண்டும்.

வியப்பு என்னவென்றால், சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் உள்ள போக்சோ சட்டத்தை எடுத்துப் பாருங்கள். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ எடுக்க வேண்டும். கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி எடுக்க வேண்டும். அவர் சீருடையில் வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் போலீஸ் நிலையத்தில் வைக்கக் கூடாது. பெற்றோரோ, குழந்தை நம்புகிற ஒருவரோ பக்கத்தில் இருக்க வேண்டும். மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பவரை வைத்துக்கொள்ளலாம். சீருடை கூடாது! வாச்சாத்தி மகளுக்கு இந்த ஒரு வரியைச் சொன்னவர் யார்? செம்மேட்டில் எந்தச் சுவரில் இது எழுதப்பட்டிருக்கிறது?

குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவனின் குற்றத்தை மறைக்கிற நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு புகார் சொன்னவர்மீது வழக்கு வராது. குழந்தை தப்பாகச் சொல்லிவிட்டாலும் குழந்தைக்குத் தண்டனை கிடையாது. இவ்வளவும் அச்சில் உள்ளவை. 2020இல் வந்த விதிகளோ, பிள்ளைகளின் வயதுக்கேற்ற தற்காப்புப் பாடத்தை மத்திய, மாநில சர்க்கார்கள் தயாரிக்க வேண்டும் என்கின்றன. பிள்ளைகளோடு பழகும் ஊழியர்களைப் பற்றிப் போலீஸ் விசாரணை நடத்திய பிறகே வேலையில் வைக்க வேண்டும், அதையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும் என்கின்றன. வயதுக்கேற்ற பாடம் என்று எழுதியவர்கள், ஊருக்கேற்ற பாடம் என்றும் சேர்த்து எழுதியிருக்கலாம். எழுதாவிட்டால் என்ன, தமிழ்நாட்டில் நாம் செய்யக் கூடாதா?

தொலைபேசி எண் இருக்கிறதே என்பார்கள். 1098 இருக்கிறது, 1996இல் பம்பாயில் தெருப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அருமையான ஏற்பாடு. 14417 இருக்கிறது. 'மாணவர் மனசு' என்று புகார்ப் பெட்டியும் பள்ளிகளில் வைத்தார்கள். மெச்சுகிறேன். ஆனால் கைப்பேசிக்குச் சிக்னல் வந்து வந்து போகிற ஊரில், அந்தக் கைப்பேசியும் அப்பனோடு குடகுக்குப் போயிருக்கையில், எழுத்துக் கூட்டத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எந்த எண்ணைச் சுழற்றும், எந்தத் தாளில் எழுதிப் பெட்டியில் போடும்? அந்தப் பிள்ளைக்கு எண்ணுக்கு முன்னால் ஓர் ஆள் வேண்டும்.

இதற்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் குரல் கேட்கிறது. ஒரு பக்கத்தார், 'ஐயையோ, மலையில் கள்ளங்கபடமில்லாத பிள்ளைகளிடம் இதையெல்லாம் பேசலாமா, பண்பாடு என்னாவது?' என்கிறார்கள். பண்பாட்டுக் காவலரே, நீர் பேசாததால் தீங்கு நடக்காமல் இருந்துவிட்டதா? பாம்பு என்ற சொல்லைச் சொல்லாவிட்டால் பாம்பு கடிக்காதா? காட்டுக்குப் போகிற பிள்ளைக்கு எந்த முள் விஷமுள், எந்தப் பழம் ஆகாத பழம் என்று ஆயா சொல்லிக் கொடுக்கிறாள். அதே ஆயா இதையும் சொல்லிக் கொடுப்பாள், நாம் அவளை நம்பிக் கேட்டால்.

மற்றொரு பக்கத்தார், 'மலைச் சனங்கள் அப்படித்தான், படிப்பில்லை, குடிக்கிறார்கள்' என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். அப்படியா? 2021இல் சென்னையில் பேர்பெற்ற தனியார் பள்ளி ஒன்றில் மாணவிகள் கொடுத்த புகார் வெடித்ததே, அது எந்த மலை? 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில், தேசிய மாணவர் படை முகாம் என்று போலியாக ஒரு முகாம் நடத்தி, அதில் தங்கிய மாணவிகளைச் சீண்டியதாக வழக்கு வந்ததே, அங்கே என்ன காடா, மேடா? கட்டணமும் கட்டடமும் இருந்தன. பயிற்சியாளன் உண்மையானவனா என்று கேட்க ஓர் ஆள் இல்லை! தீமை வளர்வது மலையிலும் அல்ல, சமவெளியிலும் அல்ல. பெரியவன் சொன்னால் சின்னவன் கேட்க வேண்டும் என்று எதிர்க்கேள்வி இல்லாமல் கட்டிவைத்த இடங்களில். மலையில் அந்தச் சுமையோடு வேறொன்றும் சேர்கிறது. ஆசிரியரும் விடுதிப் பொறுப்பாளரும் சர்க்கார், சமவெளி, படிப்பு என்ற மூன்று கிரீடத்தோடு நிற்கிறார்கள். அவர்களிடம் 'மாட்டேன்' என்று சொல்ல அந்தப் பிள்ளையின் தகப்பனாலேயே முடிந்ததில்லை. பிள்ளைக்கு எப்படி முடியும்?

பழங்குடிப் பிள்ளைகளைக் காக்கிறோம் என்று கிளம்பிய சர்க்கார் ஒன்று எப்படித் தடுக்கி விழுந்தது என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்க வேண்டும். அந்நாட்டுப் பூர்வ குடிகளின் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் பெற்றோரிடமிருந்து பிடுங்கி, விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தார்கள். 'திருடப்பட்ட தலைமுறை' என்று அவர்களுக்குப் பெயர். 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதற்கு முந்திய ஆண்டு, 2007இல், வட பிரதேசத்தில் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை பற்றி ரெக்ஸ் வைல்ட், பாட் ஆண்டர்சன் என்ற இருவர் அறிக்கை கொடுத்தார்கள். ஆண்டர்சன் அம்மையார் பூர்வ குடியைச் சேர்ந்தவர். பூர்வ குடி மக்களோடு மெய்யாகக் கலந்து பேசித்தான் எதையும் வகுக்க வேண்டும் என்று முதல் பரிந்துரையிலேயே எழுதியிருந்தார்கள். ஹோவார்டு சர்க்கார் என்ன செய்தது? கலந்து பேசவில்லை. இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே அங்கே நிறுத்தி வைத்துவிட்டு, இராணுவத்தின் துணையோடு ஊர்களுக்குள் இறங்கியது. உதவித்தொகையைப் பிடித்து வைத்தது, நிலத்தில் கை வைத்தது. ஓர் இனம் முழுதும் குற்றவாளிக் கூண்டில் நின்றது. பிள்ளையை முன்பு பறிகொடுத்த தாய்மார், வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளையை ஒளித்து வைத்தார்கள். வைக்கமாட்டார்களா?

அதே நாட்டில் வேறு வகையாகவும் வேலை நடந்திருக்கிறது. பூர்வ குடி மூத்தவர்கள் பாடத்தைப் பார்த்து, சொல்லைத் திருத்தி, எதைப் பெண்கள் பெண் பிள்ளைகளிடம் தனியே பேச வேண்டும், எதை ஆண்கள் ஆண் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்று பிரித்து, தங்கள் பிள்ளைகளின் முகத்தையும் நிலத்தையும் படத்தில் வைத்துச் செய்த பாடங்கள். பிள்ளை தன் விரல்கள் ஐந்தையும் விரித்து, நம்பத்தக்க ஐந்து பெரியவர்களின் பெயரைச் சொல்லும். ஒருவர் நம்பாவிட்டால் அடுத்தவரிடம் போகும். செலவில்லாத பாடம், எந்த மலைக்கும் ஏறும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாடம் நடத்திவிட்டால் கொடுமை நின்றுவிடும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்கா, கனடா, சீனா, ஜெர்மனி போன்ற நாடுகளில் நடந்த 24 சோதனைகளை, 5,800 பிள்ளைகளுக்கு மேல் பங்கெடுத்தவற்றை, 2015இல் காக்ரேன் என்ற ஆய்வுக் கூட்டமைப்பு சேர்த்துப் பார்த்தது. பாடம் படித்த பிள்ளைகளுக்கு விவரம் கூடியது. நடந்ததை வாய்விட்டுச் சொன்ன பிள்ளைகளும் பாடம் படித்தோரில் அதிகம். ஆனால் கொடுமையே குறைந்தது என்று காட்டப் போதிய சான்று அதில் இல்லை. குறையாததற்குக் காரணம் எளிது. கொடுமை செய்கிறவன் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லையே! ஏழு வயதுப் பிள்ளை முப்பது வயதுத் தடியனைத் தடுக்கும் என்று எதிர்பார்ப்பது பெரியவர்களின் சோம்பேறித்தனம். பாடம் பிள்ளைக்கு வாய் தரும். காது தர வேண்டியவர்கள் நாம்.

அந்தக் காதுக்கு நான் ஓர் ஆளைக் காட்டுகிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலம் முழுதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிறவர் யார்? அந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுப் பெண். அவர் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது நெறி. அவர் அந்த மலைக்காரி. வீட்டுச் சொல்லும் தெரியும், முறையும் தெரியும். காலையில் முதலில் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பவர் அவர்தான். நேற்று இரண்டு கரண்டி கேட்ட பிள்ளை இன்று ஏன் தட்டையே தொடவில்லை என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். ஆசிரியர் பலர் கீழிருந்து பஸ்ஸில் ஏறி வந்து, மாலையில் இறங்கிவிடுகிறார்கள். அவர் இரவும் அங்கேயே இருக்கிறார். அவருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுங்கள். பிள்ளை சொன்னால் எப்படிக் கேட்பது, என்ன கேட்கக் கூடாது, யாருக்குச் சொல்வது, சொன்னதற்காக அவர் வேலைக்கு ஆபத்து வராது என்பதற்கு எழுத்தில் உறுதி. கடைசியது முக்கியம். சமையல்காரப் பெண் ஒருத்தி தலைமை ஆசிரியர்மீதோ ஊர்ப் பெரியவர்மீதோ வாய் திறந்தால், மறுநாள் அடுப்பு அவர் கையில் இருக்குமா என்பதுதான் மலையின் அரசியல்.

ஊர்க்கவுண்டரையும் நாட்டாரையும் விட்டுவிட முடியாது. இத்தகைய தகராறு வந்தால் ஊர்க்கூட்டம் போட்டு, அபராதம் கட்டச் சொல்லி, இரு குடும்பத்தையும் கைகோக்க வைத்து முடித்துவிடும் வழக்கம் மலையிலும் உண்டு, நம் சமவெளிப் பஞ்சாயத்திலும் உண்டு. நிலத்தகராறு தீர்க்கட்டும், கால்நடை மேய்ந்த வழக்குத் தீர்க்கட்டும், அதற்கு அவர்கள் வேண்டும். பிள்ளையின் உடம்புக்கு அபராதத் தொகை கிடையாது. இதை வெளியூர்க்காரன் நான் சொன்னால் சண்டை வரும். மலையிலேயே படித்து ஆசிரியராகவும் செவிலியராகவும் ஆகியிருக்கிற இளைஞர்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் பின்னால் நிற்பதே நம் வேலை.

வேலை என்றதும் கொடியும் மேடையும் தேடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள். சேந்தமங்கலத்திலும் ஏற்காட்டிலும் கருமந்துறையிலும் அந்தக் குழுக்களில் நம் தோழர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். தற்காப்புப் பாடம் இந்த ஆண்டு நடந்ததா? எந்தச் சொல்லில் நடந்தது? ஆண் பிள்ளைகளுக்கும் நடந்ததா? விடுதியில் இரவில் தங்கும் பொறுப்பாளர் யார், அவரைப் பற்றிப் போலீஸ் விசாரணை முடிந்ததா? கழிப்பறைக்கு விளக்கு உண்டா? சட்டத்தின் 'சீருடை கூடாது' என்ற வரியை ஊருக்குள் யார் சொன்னார்? பதிலை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதமாட்டோம் என்றால், எழுத மறுத்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

காரவள்ளித் தோழரே, உங்கள் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இது. தொப்பிக்காரரைப் பற்றிக் கவலைப்படாதே, கண்ணு. தெரிந்தவரோ தெரியாதவரோ, மாமாவோ வாத்தியாரோ பெரிய அண்ணனோ, உன் உடம்பில் மறைக்கிற இடத்தைத் தொட்டாலும், அவர் உடம்பைத் தொடச் சொன்னாலும், 'யாரிடமும் சொல்லாதே' என்று சொன்னாலும், உடனே சொல். ஆயாவிடம் சொல், சோறு போடுகிற அக்காவிடம் சொல். நம்பாவிட்டால் அடுத்தவரிடம் சொல். தப்பு உன்னுடையதல்ல.

தோழர்கள் தங்கள் ஊர்ப் பள்ளிக் குழுவில் கிடைத்த பதில்களை இந்த ஏட்டுக்கு எழுதி அனுப்பலாம், வெளியிடுவோம். ஆனால் ஒரு கண்டிப்பு. எங்காவது ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்ததாகத் தெரிந்தால், எமக்கு எழுதாதீர்கள், 1098க்கோ போலீசுக்கோ முதலில் சொல்லுங்கள். மேடையிலும் அதை முழங்காதீர்கள். பிள்ளையின் பெயர், வீடு, குடும்பம், பள்ளி, படம் எதுவும் வெளியே வரக் கூடாது என்கிறது சட்டத்தின் 23ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, அது நம் கட்சிக்காரனாக இருந்தாலும்.